ஜிங் செய்யாத ஆயுதம்

போன எபிசோடின் கடைசி நிமிஷத்தில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டதே, அது என்னன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. மைக் விழலை. கதவுக்குப் பின்னாடி சாத்தி வெச்சிருந்த ஒரு பழைய சீன ஆயுதத்தின் தலை கழண்டு தரையில் விழுந்தது. பழைய ஆயுதம்னு சொல்றது கொஞ்சம் பில்டப்தான். பழைய ஆயுதத்தின் நகல். கடைச் சரக்கு. முனை மழுங்கினது, அதால தக்காளி கூட நறுக்க முடியாது.

இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான். அந்தத் தலை ஏன் கழண்டது, 2,200 வருஷத்துக்கு முன்னாடி அது அப்படிக் கழண்டிருந்தா யார் கழுத்தைப் பிடிச்சிருப்பாங்க. இந்த ரெண்டு கேள்வியும் எனக்கு ஒரு மாசமா தூக்கம் கெடுத்துட்டு இருக்கு.

ஆயுதத்தின் பேர் 'கெ'. சீன உச்சரிப்பு க-வுக்கும் கெ-வுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கு, நாம கெ-ன்னே வெச்சுப்போம். ஈட்டியில் முனை கம்போட நேர்கோட்டில் நீட்டிக்கிட்டு இருக்கும். கெ அப்படி இல்லை. கம்பின் உச்சியில் குறுக்காக, பறவை அலகு மாதிரி ஒரு பட்டை பக்கவாட்டில் நீளும். எங்க அம்மா முதல் தடவை பார்த்தப்ப கேட்டது, "முருங்கைக்காய் பறிக்கவாடா?" துறட்டின்னு நெனச்சுட்டாங்க. சும்மா சொல்லக்கூடாது, அது அருமையான யூகம். துறட்டி எப்படி வேலை செய்யுமோ, அதே மாதிரிதான் இதுவும். மாட்டி, இழுக்கணும். காய்க்குப் பதிலா கழுத்து.

வேலை விஷயமா ஷியான் நகரத்துக்குப் போன நண்பன் அங்கே ஒரு கடையில் வாங்கிட்டு வந்தான். தலை மட்டும்தான். கம்பு கிடையாது. ஆபீஸ் நண்பர்களுக்கு இதைப் பார்த்ததும் பெரிய ஏமாற்றம். "சீன ஆயுதம்னியே, அந்தப் பெரிய வளைஞ்ச கத்தி எங்கடா?" அவங்க கேட்டது வீடியோ கேம்ல குவான் யூ சுழட்டிட்டு வர்ற ராட்சசக் கத்தியை. அதைப் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு நகர்ந்துடறேன். குவான் யூ இறந்தது கி.பி. 220-இல். அந்த மாதிரிக் கத்தியின் படம் சீன ராணுவக் கையேட்டில் வர்றது 1044-இல். நடுவில் எண்ணூறு வருஷ இடைவெளி. 3ஆம் நூற்றாண்டின் வரலாற்று நூல், போர்க்களத்தில் அவர் எதிரித் தளபதியைக் குத்தினார் என்றுதான் சொல்லுது, வெட்டி வீழ்த்தினார்னு சொல்லலை. கத்தியைப் பின்னாடி வந்த கதைசொல்லிகள் அவர் கையில் கொடுத்தாங்க. வீட்டில் குவான் யூவின் கத்திக்கு நகல் வெச்சிருக்கிறவங்க, அவர் கையில் இருந்தே இராத ஒரு பொருளுக்கு நகல் வெச்சிருக்காங்க. அதிலும் ஒரு அழகு இருக்கு, இல்லைன்னு சொல்லலை.

கெ அப்படி இல்லை. நிஜமாகவே ஆயிரம் வருஷத்துக்கும் மேல் புழங்கின ஆயுதம். ஷாங் அரசர்கள் காலத்துக் கல்லறைகளில் வெண்கலத்தில் கிடைக்குது, சடங்குக்காகப் பச்சை மணிக்கல்லில் செதுக்கினதும் கிடைக்குது. அப்புறம் தேர்ப்படையின் காலம். சீனத் தேரில் மூணு பேர். நடுவில் ஓட்டுபவர், இடப்பக்கம் வில்லாளி, வலப்பக்கம் நீளக்கம்பு ஆயுதக்காரர். ரெண்டு தேர் எதிரெதிரா வந்து உரசிப் போற அந்த ஒரு நொடியில், நேரா குத்துறதை விடப் பக்கவாட்டில் கொத்தி மாட்டுறது சுலபம். கெ-யின் வடிவம் அந்த ஒரு நொடிக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி. காலாட்படை பெருகி, இரும்பு வந்து, தேர் ஓரங்கட்டப்பட்டதும் கெ-யும் மெல்ல மறைஞ்சது.

மறைஞ்சதுன்னு சொன்னாலும் எழுத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. மரபுச் சீன எழுத்தில் 'போர்', 'நாடு' ரெண்டுக்குள்ளயும் கெ-யின் சின்னம் இருக்கு. 'நான்' என்ற எழுத்தே ஆதியில் பல் வெச்ச ஒரு ஆயுதத்தின் படம்தான். ஒலி ஒத்துப்போனதால் கடன் வாங்கிட்டாங்க. இன்னைக்கும் சீனாவில் ஒருத்தர் போனில் 'நான் வர்றேன்'னு தட்டும்போது, அறியாமலே ஒரு ஆயுதத்தைத் தட்டுறார்.

சரி, தலை ஏன் கழண்டது?

கோடாலிக்கு ஒரு துளை இருக்கும், காம்பு அதுக்குள்ள இறுகி உட்காரும். கெ-யில் உல்டா. தலையின் பின்பக்கம் ஒரு தட்டையான வால். கம்பில் ஒரு பிளவு போட்டு, அதுக்குள்ள வாலைச் செருகி, கயிற்றால் கட்டணும். முதல் தடவை நான் கட்டினது யூடியூபில் எதையோ பார்த்து. ரெண்டு தடவை காற்றில் வீசினேன், தலை ஆட ஆரம்பிச்சது. நாலாவது தடவை மேலும் கீழும் தலையாட்டுது. யோசிச்சுப் பாருங்க, கொத்துற ஒவ்வொரு அடியின் எதிர்விசையும் அந்த வாலைப் பின்னாடி தள்ளுது. இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் அதை முன்னாடி உருவுது. கட்டு தளராம வேற என்ன செய்யும்?

இந்தத் தொல்லையை நான் அனுபவிச்ச பிறகுதான் அருங்காட்சியகப் படங்கள் புரிஞ்சுது. மிகப் பழைய கெ-க்களில் அலகும் வாலும் மட்டும்தான். காலம் போகப்போக அலகின் அடியில், கம்பை ஒட்டிக் கீழ்நோக்கி ஒரு பட்டை வளருது. அதுக்குச் சீனத்தில் 'ஹு'ன்னு பேர். மாட்டின் கழுத்துக்குக் கீழே தொங்குமே அசைதாடி, அதுதான் அந்தச் சொல்லின் பழைய அர்த்தம். அந்த அசைதாடியில் முதலில் ஒரு துளை, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு, நாலுன்னு கூடிக்கிட்டே போகுது. ஒவ்வொரு துளையும் கயிறு போறதுக்கு. புத்தகத்தில் படிச்சப்ப இது எனக்கு வெறும் 'வடிவ வளர்ச்சி'. கையில் கயிறோட உட்கார்ந்தப்ப, ஒவ்வொரு துளையும் யாரோ கொடுத்த ஒரு பக் ரிப்போர்ட். யாரோ ஒரு வீரன் திரும்பி வந்து, தலை ஆடுதுன்னு சொல்லியிருக்கான். திரும்பி வராதவனும் ஒரு வகையில் சொல்லியிருக்கான்.

இதுக்கெல்லாம் ஸ்பெக் டாக்குமென்ட் கூட இருக்கு. 'காவ் கோங் ஜி' என்ற நூல், சீனக் கைவினைத் தொழில்களுக்கான கையேடு, இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. கெ-க்கு அதில் அகலம் ஒரு பங்கு என்றால் வால் ரெண்டு பங்கு, அசைதாடி மூணு பங்கு, அலகு நாலு பங்கு. அதோட விடாம, தப்பா செஞ்சா என்ன ஆகும்னும் சொல்லுது. கோணம் ரொம்ப விரிஞ்சா முனை இறங்காது. ரொம்ப மடங்கினா வெட்டாது. வால் நீளமானா முன்பக்கம் உடையும், குட்டையானா வேகம் இருக்காது. கலவைக்கும் விகிதம் உண்டு. உலோகத்தை நாலாகப் பிரிச்சா அதில் ஒரு பங்கு வெள்ளீயம். கூடினா கடினம் கூடும், கூடவே நொறுங்கும் தன்மையும் கூடும். நான் படிச்ச நாலு வருஷ இன்ஜினியரிங்கில் இவ்வளவு தெளிவா யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கலை.

அதே நூல் இன்னொண்ணு சொல்லுது, அதுதான் என்னை மரக்கடைக்கு அனுப்பியது. குத்துற ஆயுதத்துக்குக் கம்பு உருண்டையா இருக்கணும், மாட்டி இழுக்கிற ஆயுதத்துக்கு முட்டை வடிவம். காரணத்தைக் கையில் பிடிச்சாலே தெரியும். ஈட்டிக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான். கெ-க்கு அலகு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கண்ணால் பார்க்காமலே உள்ளங்கைக்குத் தெரிஞ்சாகணும். எங்க தெரு முனையில் மண்வெட்டி, கோடாலிக்குக் காம்பு போடுற ஒரு பெரியவர் இருக்கார். படத்தைக் காட்டி, ஒன்றரை மீட்டர் கம்பு வேணும்னு கேட்டேன். நூல் சொல்ற ஆறு ச்சி ஆறு ட்சுன் நம்ம கணக்கில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முட்டை வடிவத்தை எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சுட்டு இருக்கும்போதே அவர் சொல்லிட்டார், "வெட்டுற சாமானுக்கு உருட்டுக் கம்பு ஆகாது தம்பி, கையில திரும்பிக்கும்." ரெண்டாயிரம் வருஷப் பழைய சீன நூலை அவர் படிச்சிருக்க வாய்ப்பில்லை. படிக்கணும்னு அவசியமும் இல்லை.

(நிஜமான பிரபுக்களின் கம்பு இன்னும் பிரமாதம். ஹூபெய் மாகாணத்தில் 1978-இல் தோண்டப்பட்ட செங் நாட்டுப் பிரபு யியின் கல்லறை, கி.மு. 433-ஐ ஒட்டியது. வெண்கல மணிகளுக்குத்தான் உலகப் புகழ். ஆனா அங்கே மூணு மீட்டருக்கும் மேல் நீளமான கம்பில், ஒண்ணுக்குக் கீழ் ஒண்ணா மூணு கெ தலைகள் கட்டின ஆயுதமும் கிடைச்சது. அந்தக் காலத்து நல்ல கம்புகளில் நடுவில் மரம், சுற்றி மூங்கில் பட்டைகள், மேலே பட்டு நூல் சுற்றி அரக்குப் பூச்சு. அதாவது காம்போசிட். எனக்கு அந்தக் கம்பு கனவிலேயே வருது.)

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். என் நகலின் அசைதாடி மேல் எழுத்து இருக்கு. கடைக்காரர் அதை ஒரு சிறப்பம்சமா சொல்லி வித்திருக்கார். தேடிப் பார்த்தப்ப, சுடுமண் வீரர்கள் இருக்கிற முதலாம் குழியில் கிடைச்ச ஒரு ஆயுதத்தின் எழுத்தைத்தான் அச்சு எடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. 1974-இல் கிணறு தோண்டப் போன விவசாயிகள் கண்டுபிடிச்சாங்களே, அதே இடம். கெ-யும் ஈட்டியும் ஒரே கம்பில் சேர்ந்த ஆயுதம் அது. எழுத்து சொல்றது இவ்வளவுதான்: ஏழாம் ஆண்டு, தலைமை அமைச்சர் லூ புவெய் செய்தது. பட்டறைத் தலைவர் ஜோ. துணை அதிகாரி யி. தொழிலாளி ஜிங்.

ஏழாம் ஆண்டுன்னா கி.மு. 240. பிற்பாடு சீனாவின் முதல் பேரரசர் ஆகப்போற இளைஞன் சின் நாட்டு மன்னனா இருந்த காலம். லூ புவெய் வணிகரா இருந்து தலைமை அமைச்சர் ஆனவர். 'லூ புவெய் செய்தது' என்ற வரியைப் படிச்சு நான் சத்தமா சிரிச்சேன். அந்த மனுஷன் வெண்கல உலை பக்கம் போயிருப்பாரா? நம்ம ஊர் பிரசென்டேஷன்ல முதல் ஸ்லைடில் யார் பேர் வருமோ அதேதான். ஆனா கீழே கடைசியில், வெந்த உலோகத்தைக் கையாண்ட மனுஷன் பேரும் இருக்கு. ஜிங். அவரைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது அந்த ஒரு சொல்தான்.

முதல்ல எனக்குப் புல்லரிச்சது. ஆஹா, தொழிலாளிக்கு எவ்வளவு மரியாதை! இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் கூடப் போட்டேன். அதை இப்ப எடுத்துட்டேன், ஏன்னு சொல்றேன்.

லூ புவெய்யின் ஆதரவில் தொகுத்த நூலே இதுக்குக் காரணம் சொல்லுது. பொருளில் செய்தவன் பேரைப் பொறி, வேலையில் குறை இருந்தா தண்டி. கௌரவத்துக்கு இல்லை, பிடிக்கிறதுக்கு. டெவலப்பர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிடறேன்: கிட் பிளேம். இந்த வரியை எழுதினது யாருன்னு கேட்டா பேரைக் காட்டிக்கொடுக்குமே, அது.

சட்டம் எப்படி இருந்ததுன்னும் தெரியும். 1975-இல் ஹூபெய்யின் ஷூயிஹூதி என்ற இடத்தில், சின் நாட்டு உள்ளூர் அதிகாரி ஒருத்தரின் கல்லறை கிடைச்சது. அவர் உடம்பைச் சுற்றி 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள். பெரும்பாலும் சட்டம், நிர்வாகம். ஆபீஸ் ஃபைலோட போய்ச் சேர்ந்த மனுஷன். அதில் பட்டறைகளுக்கு ஒரு விதி இருக்கு. வருஷாந்திரச் சோதனையில் எந்தப் பட்டறை கடைசி இடமோ, அதன் தலைமைக் கைவினைஞருக்கு அபராதம் ஒரு கவசம். துணை அதிகாரிக்கும் மேஸ்திரிக்கும் தலைக்கு ஒரு கேடயம். தொழிலாளிகளுக்குக் கவசம் கோர்க்கிற கயிறு, இருபது. மூணு வருஷம் தொடர்ந்து கடைசின்னா மேலே ரெண்டு கவசம், கீழே ஐம்பது கயிறு.

கவனிச்சீங்களா? தரமா செஞ்சியான்னு மட்டும் கேட்கலை. எல்லாருமே நல்லா செஞ்சாலும் ஒருத்தர் கடைசி வந்துதானே ஆகணும். பெல் கர்வ்! நம்ம அப்ரைசல்!

இன்னொண்ணையும் கவனிங்க. இந்த அபராதப் பட்டியலில் தலைமை அமைச்சர் கிடையாது. ஆயுதத்தில் முதல் பேர் அவருது. கயிறு கட்டுறது கடைசிப் பேர்.

இதைப் படிச்ச ராத்திரி எனக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது திரும்ப வந்தது. அப்ப வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மாற்றம் ப்ரொடக்ஷனுக்குப் போச்சு. டெஸ்ட் முடியலை, திங்கட்கிழமை போடலாம்னு சொன்னேன். மீட்டிங்ல, வாயாலதான் சொன்னேன். "இன்னைக்கே போயாகணும்"னு வாயாலதான் பதிலும் வந்தது. நாலு மணி நேரம் சிஸ்டம் படுத்துடுச்சு. காரணம் தேடின அறிக்கையில் ஒரே ஒரு பேர், கமிட்டில் இருந்த என் பேர். யாரும் பொய் சொல்லலை. நிஜமாவே அந்த வரியை எழுதினது நான்தான். ஆனா அந்த வெள்ளிக்கிழமை எந்தப் பதிவிலும் இல்லை. அந்த வருஷ ரேட்டிங்கில் என் கயிறு இருபதைக் கட்டினேன்.

அதனால ஜிங் பேர் இப்ப எனக்கு வேற மாதிரி தெரியுது. பிரிட்டிஷ் காலத்து எஃகு உத்திரத்தில் ஆலை பேர் இருக்குமே, ஓவியத்தின் மூலையில் கையெழுத்து இருக்குமே, அந்த வகை இல்லை இது. பயத்தில் எழுதின பேர். மூல ஆயுதத்தின் படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க, வார்ப்பில் வந்த எழுத்து இல்லை அது. வார்த்து முடிச்ச வெண்கலத்தின் மேல் உளியால் கீறினது. மெல்லிய, அவசரமான கோடுகள். கீறினவருக்கு இது நூத்தியோராவது ஃபார்ம் மாதிரி இருந்திருக்கும்.

ஆனா ஒரு விஷயத்தையும் மறுக்க முடியலை. கி.மு. 237-இல், அரண்மனை விவகாரம் ஒன்றில் லூ புவெய்யின் பதவி போச்சு. 235-இல் விஷம் குடிச்சு இறந்தார். அதே குழியில் கிடைச்ச, வாள் மாதிரி நீண்ட ஈட்டி முனைகள் இருக்கு, மன்னனின் 15 முதல் 19ஆம் ஆண்டு வரை, அதாவது கி.மு. 232 முதல் 228 வரை செய்தவை. அந்த எழுத்துகளில் தலைமை அமைச்சர் என்ற வரியே இல்லை. ஆண்டு, பட்டறை, தொழிலாளி. மேலே இருந்த பேர் உதிர்ந்துடுச்சு, கீழே இருந்தவங்க பேர் தொடர்ந்து வருது. இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துட்டேன். சில நாள் ஆறுதலா இருக்கு, சில நாள் அது கூட இல்லை.

குரோமியம் பத்தி கேட்பீங்கன்னு தெரியும். கடைக்காரர் நண்பனிடம், "இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குரோமியம் பூசினாங்க, அதனாலதான் துருப்பிடிக்கலை"ன்னு சொல்லியிருக்கார். பல வருஷமா உலவுற கதை. 2019-இல் வந்த ஆய்வு அதை முடிச்சு வெச்சது. குரோமியம் இருந்தது பிடி, கம்பு இருந்த பக்கங்களில், அரக்கிலிருந்து ஒட்டினது. ஆயுதங்கள் பளபளன்னு இருந்ததுக்கு அந்த மண்ணுக்கும், வெண்கலத்தின் வெள்ளீயத்துக்கும்தான் பெரிய பங்கு. என் நகலில் வெள்ளீயமும் இல்லை, சொல்லப்போனா வெண்கலமே இல்லை. பித்தளைக்குப் பச்சைக் களிம்பு மாதிரி ஏதோ தடவியிருக்காங்க. விரலில் ஒட்டுது.

அந்த நகலைத்தான் விளக்குக் கீழ வெச்சு ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். எழுத்து உளியால் கீறினது இல்லை, அச்சிலேயே வந்த வழவழக் கோடுகள். மூணு துளையில் ஒண்ணு வார்ப்பில் அடைச்சுக்கிட்டு இருக்கு. கயிறு அதுக்குள்ள போகவே போகாது. கட்டு தளர்ந்தது, தலை விழுந்தது, உங்களுக்கு 'டங்' கேட்டது, எல்லாத்துக்கும் காரணம் அந்த ஒரு துளை. சின் நாட்டுச் சோதனை அதிகாரி வந்திருந்தா நேரா பேரைப் படிச்சு ஜிங்கைப் பிடிச்சிருப்பார். ஜிங்குக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. நிஜமா வார்த்தவர் யாருன்னு நண்பன் மூலமா கடையில் கேட்டேன். பதில் ஒரே வார்த்தை, "ஃபேக்டரி."

அடைச்ச துளையைச் சின்ன டிரில் போட்டுத் திறந்தேன். கம்பைத் தூக்கிட்டு மறுபடி பெரியவர் கடைக்குப் போனேன், பிளவைக் கொஞ்சம் ஆழமாக்கணும். ஷூயிஹூதிச் சுவடியில் இன்னொரு விதியும் உண்டு. அரசாங்க ஆயுதங்களில் அடையாளம் பொறிக்கணும், பொறிக்க முடியாததில் சிவப்பு மையாலோ அரக்காலோ எழுதணும். மரத்தில் என்னால் செதுக்க முடியாது. ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயின்ட் கையோட எடுத்துட்டுப் போயிருந்தேன். வேலை முடிஞ்சதும், "அண்ணே, கம்பு அடியில உங்க பேரை எழுதிக்கட்டுமா?"ன்னு கேட்டேன்.

அவர் இழைப்புளியைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்கு? ஒடைஞ்சா என்னைத் தேடிட்டு வரவா?"